முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள்

தலைக்குப் போடும் கட்டி வேண்டும் என்று போன் வந்தால், முடி நீளமா குட்டையா, எண்ணெய்ப் பசையா வறட்சியா என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. "உங்க வீட்டுல என்ன தண்ணிங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். ஆற்றுத் தண்ணீரா, போர்த் தண்ணீரா, லாரித் தண்ணீரா? குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதா? வாளியின் உள்பக்கம் சொரசொரப்பு தட்டியிருக்கிறதா? பருப்பு வேக நேரமாகிறதா? "ஏனுங்கக்கா, ஷாம்பு கேட்டா பிளம்பராட்டம் விசாரிக்கறீங்க?" என்று ஒரு பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். பதில் தெரியாமல் கட்டி அனுப்பினால் பாதிப் பேர் திரும்பக் கேட்கவே மாட்டார்கள்.

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் தலை குளித்தால் முடி ஒரு விதம், போர்த் தண்ணீரில் குளித்தால் இன்னொரு விதம். இது தெரியாத பெண் எங்கள் பக்கம் கிடையாது. அதைத் தொழிலோடு சேர்த்து யோசிக்க வைத்தவர்கள் இரண்டு வாடிக்கைக்காரர்கள். ஒரே பாத்திரத்தில் கலக்கி, ஒரே அச்சில் ஊற்றி, ஒரே நாளில் அறுத்த கட்டிகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போயின. கோவை வீட்டில் சிறுவாணித் தண்ணீர். "முடி அவ்வளவு லேசா இருக்குதுங்க, இன்னும் நாலு அனுப்பி விடுங்க" என்று சொன்னார்கள். திருப்பூர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு. "என்னத்தப் போட்டுச் செஞ்சீங்க? சீப்பே இறங்க மாட்டீங்குது, தலையெல்லாம் மெழுகு அப்பிக்கிச்சு" என்று அங்கிருந்து ஒரே சத்தம். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்.

அந்தக் கட்டிகள் அசல் சோப்பு, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாவது. தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் சாம்பல் வளையமாகப் படிவது அதுதான். உடம்பில் படிந்தால் துண்டில் போய்விடும். முடியிழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எந்தத் துண்டும் எடுக்காது. போதாததற்குச் சோப்பின் பிஎச் அளவு 9-லிருந்து 10 வரை இருக்கும். தலைத்தோலின் அளவோ 5.5-ஐ ஒட்டியது. காரம் பட்டதும் முடியின் மேல்தோல் செதில்கள் தூக்கிக்கொள்ளும், இழையோடு இழை உரசும், சிக்கு விழும். மென்தண்ணீர்க்காரர்கள் கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு அலசினால் செதில்கள் படிந்துவிடும். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு எலுமிச்சை ஓரளவு உதவும், முழுக்கக் காப்பாற்றாது.

வீட்டில் செய்துபார்க்க ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, என் சோப்பில் நகக்கண் அளவு சீவிப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. நுரை செத்து, உள்ளே திரிதிரியாக மிதந்தால் அந்த வீட்டுக்குச் சோப்புக் கட்டி வேண்டாம். இப்போது நிறையப் பேர் கையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சோப்பைத் திரிய வைக்கும் உப்பு அதில் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. பாட்டில் சொல்லிவிடும்.

எங்கள் அம்மாயி காலத்தில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அவர் தலைக்குச் சோப்புப் போட்டதே கிடையாது. கொங்குப் பக்கம் சீயக்காய்க்கும் முந்தி அரப்புதான். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள் அது. எண்ணெய் தேய்த்த தலைக்கு, முந்தின நாள் வடிகஞ்சியில் அதைக் குழைத்துத் தேய்ப்பார். அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் அழுக்கெடுப்பது சபோனின் என்கிற பொருள். கால்சியத்தைக் கண்டால் அது சோப்பைப் போலத் திரிந்து பிசுக்காவதில்லை. சீயக்காயும் புளித்த கஞ்சியும் லேசான அமிலத்தன்மை உள்ளவை, ஆகவே காரப் பிரச்சினையும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் மேட்டாங்காட்டு ஊர்களிலும் இந்தத் தூள்கள் வேலை செய்தது இதனால்தான். அம்மாயிக்கு வேதியியல் தெரிந்திருந்தது என்று பெருமை பேச நான் வரவில்லை. சரிப்பட்டதை வைத்துக்கொண்டார்கள், சரிப்படாததை விட்டுவிட்டார்கள்.

நான் தொழிலுக்கு வந்ததும் தூளில்தான். சீயக்காய் முள் நிறைந்த காட்டுக்கொடி. சத்தியமங்கலம், பர்கூர், தாளவாடி மலைகளில் பழங்குடி மக்கள் காய் பறித்து உலர்த்துகிறார்கள். லேம்ப்ஸ் என்னும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் வியாபாரிகள் வழியாகவும் கீழே இறங்கும். மூட்டையைப் பிரித்ததும் நான் பார்ப்பது இரண்டு. காயை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம். தோலில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால் வண்டு குடியிருக்கிறது, அந்த மூட்டையை அப்படியே திருப்பிவிடுவேன். நிறத்தை வைத்து ஏமாறக் கூடாது.

ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், நூறு கிராம் பூந்திக்கொட்டைத் தோல், கைப்பிடி ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல், வாசத்துக்குப் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும். இது என் அளவு. வீட்டுக்கு வீடு மாறும், யார் அளவும் தப்பில்லை. வெந்தயத்தை மட்டும் தனியாக அரைக்கக் கொடுக்கக் கூடாது. பயறோடு கலந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சல்லடையில் அப்பிக்கொள்ளும்.

மாவு மில்லில் சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருக்கும். அரிசி, மிளகாய்க் கூட்டமெல்லாம் போன பிறகுதான் மில்லுக்கார அண்ணன் அதை ஓட விடுவார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "அம்மிணி, வெய்யில்ல எத்தன நாள் போட்டீங்க?" என்று கேட்பார். சொன்னாலும் நம்பமாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் மில் வாசலில் நிற்கும் அத்தனை பேருக்கும் தும்மல் வரும். எதிர் டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். தூள் கை பொறுக்காத சூட்டில் வந்து விழும். அந்தச் சூட்டோடு கட்டினால் பைக்குள் வேர்த்துக் கட்டிதட்டிவிடும், ரெண்டே வாரத்தில் பூசண வாடை. வெள்ளை வேட்டியில் பரப்பி, ஃபேன் போட்டு முழுக்க ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் இந்த வியாபாரத்துக்கு ஆக மாட்டார்கள்.

தூளில் எனக்குக் குறை இல்லை. குறை பாத்ரூமுக்குத்தான். வெள்ளை டைல்ஸில் பழுப்புக் கறை, ஜாலியில் அடைப்பு, கண்ணில் பட்டால் எரிச்சல், அலசி முடிக்க இரண்டு வாளித் தண்ணீர். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணுக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். வார நாளுக்கு என்ன தருவது என்று பார்த்தபோதுதான் கட்டிக்கு வந்தேன்.

சோப்புக் கட்டியில் எல்லாமே எடைக் கணக்கு. தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவைச் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 128 கிராம்தான். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும், கண்ணளவு இங்கே செல்லாது. முழுக் கணக்குக்கும் சோடா போட்டுவிடாமல் கொஞ்சம் குறைத்துப் போட்டால், மாறாத எண்ணெய் சிறிது கட்டியிலேயே தங்கும். உடம்புச் சோப்புக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு வரை விடுவோம். தலைக்கு அதைவிடக் குறைவு, இல்லாவிட்டால் முடி பிசுபிசுக்கும். காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் எடுக்கிறேன். நுரைக்கு அதுதான் அடித்தளம், அந்த நுரை நிலைக்க விளக்கெண்ணெய். மார்கழியில் தேங்காய் எண்ணெய் டின்னோடு உறைந்து கிடக்கும், அடுப்படியில் வைத்து இளக்கித்தான் ஊற்ற வேண்டும்.

சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இது, தினமும் சொல்வதும் இது. அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கொதிக்கிற மாதிரிச் சூடாகும், நெடி தொண்டையைக் கமறும். அலுமினியப் பாத்திரம் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது நல்ல பிளாஸ்டிக். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. சூடு தணிந்ததும் எண்ணெயில் விட்டு மத்து மெஷினால் கலக்கினால், தெளிந்திருந்த எண்ணெய் முதலில் கலங்கும், பிறகு மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் மேற்பரப்பில் கோடு விழுந்து அழியாமல் நிற்கும். அந்தக் கோடு விழும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. வாசனைக்கு நீங்கள் சேர்க்கும் எண்ணெயைப் பொறுத்து சடாரென்றும் இறுகிவிடும், கிராம்பு எண்ணெய் அப்படி ஒரு ஆசாமி. மறுநாள் அறுத்து, காற்றோட்டமான அலமாரியில் நான்கிலிருந்து ஆறு வாரம். ஐப்பசி மழையில் கட்டிகள் காற்றின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வேர்க்கும். உள்ளே இருக்கும் கிளிசரின் செய்யும் வேலை அது, சரக்குக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். காஸ்டிக் சோடா போட்டுச் செய்த கட்டியில் சீயக்காய்த் தூளைக் கலந்தால் நிறம் வரும், வாசம் கொஞ்சம் வரும், பெயர் நன்றாக வரும். சீயக்காயின் லேசான புளிப்புக் குணம் அந்தக் காரத்தில் நிற்காது. தேய்ப்பது சோப்பு, சீயக்காய் அதில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதேபோல "பிஎச் 5.5 உள்ள கைச்சோப்பு" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சோப்பில் அந்த அளவுக்குப் புளிப்பைச் சேர்த்தால் அது உடைந்து கொழுப்பாகப் பிரிந்துவிடும், சோப்பாகவே இருக்காது. என் சோப்புக் கட்டியில் சீயக்காய் கிடையாது. வேண்டுபவர்களுக்குத் தூள் இருக்கிறது.

உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு நான் அனுப்புவது வேறு கட்டி. சோப்பு இல்லாத சோப்பு என்று சொல்லலாம், தொழிலில் சிண்டெட் என்பார்கள். முக்கியச் சரக்கு சோடியம் கோகாயில் ஐசெதயோனேட். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஆலையில் தயாராகி வரும் வெள்ளைத் தூள். 1957-இல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டி இந்த வகைச் சரக்கால் ஆனதுதான். தலைக்கென்று கட்டி ஷாம்புவை 1987-இல் இங்கிலாந்தில் மோ கான்ஸ்டன்டைனும் ஸ்டான் கிரிஸ்டல் என்ற வேதியியலாளரும் உருவாக்கினார்கள். லஷ் கடைகள் பின்னால் அதைப் பெயர்பெற வைத்தன. இந்தக் கட்டியின் பிஎச்சைத் தலைத்தோலுக்கு ஏற்ப வைக்கலாம், உப்புத் தண்ணீரிலும் திரியாது. ஆறு வாரம் காயவைக்கவும் வேண்டாம், அழுத்தி எடுத்து ஓரிரு நாள் உலர்த்தினால் போதும். தூள் மட்டும் பொல்லாதது, பறந்தால் மூக்குக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. மாஸ்க் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்க விடமாட்டேன்.

சண்டை வருவதும் இந்தக் கட்டியால்தான். கோவையில் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் கடை போட்டிருந்தேன். ஒரு பெரியவர் லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "ஏம்மா, வாயில நுழையாத பேரா இருக்குது. இயற்கைன்னு போர்டு போட்டுட்டுக் கெமிக்கல் விக்கறீங்களே?" என்றார்.

"ஐயா, இந்தப் பக்கம் இருக்கிற கட்டியில காஸ்டிக் சோடா போட்டிருக்குதுங்க. அந்தப் பேரு வாயில நுழையுது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்க வீட்டுல எந்தத் தண்ணிங்க?"

"பல்லடம் ரோடு. போர்தான்."

"அப்ப இதைத்தான் எடுத்துக்கணும். இல்லீன்னா தூள் எடுத்துக்குங்க. சோப்புக் கட்டி உங்களுக்கு வேண்டாமுங்க."

அவர் தூளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அதில் சந்தோஷம்தான். காடு, ஆலை, அடுப்படி என்று பொருள் வந்த இடத்தை வைத்துச் சாதி பிரிக்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் அதிகம். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிட்டு, அது அவர்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன செய்யும் என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது.

சாஷேக்களைத் திட்டுவதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். நான் சேர்ந்துகொள்வதில்லை. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் போட்டு விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கி, சிக் ஷாம்புவைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனார். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் புதியது ஒன்று இலவசம் என்ற திட்டம் அப்போது பிரபலம். பாட்டில் வாங்க வழியில்லாத வீட்டுக்கு ஒரு ரூபாயில் தலைக்குளியல் கிடைத்தது சின்ன விஷயமில்லை. பொட்டலம் சாக்கடையில் கிடப்பது வேறு கதை, அதுவும் உண்மை. ஆனால் என் 80 கிராம் கட்டி 180 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய்க்காரரைப் பார்த்து அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டியைத் தண்ணீர் தேங்காத சோப்பு டப்பாவில் வைத்தால் நெடுநாள் வரும், ஈரத்திலேயே ஊறவிட்டால் கரைந்து ஓடிவிடும். விலை எடுபடுவதும் எடுபடாததும் பாதி அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

காகிதக் கதை சுருக்கமாக: விற்பதற்கென்று செய்யும் ஷாம்புவோ சோப்போ 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வரும். முன்பு சோப்பு அந்த வரையறைக்கு வெளியே இருந்தது, 1982-இல் வந்த திருத்தம் உள்ளே இழுத்தது. இப்போது 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சிஓஎஸ்-8 உரிமம் எடுக்க வேண்டும். சமையலறையைக் காட்டி எடுக்க முடியாது. தனி இடம், தனிப் பாத்திரங்கள், தொகுதிவாரிப் பதிவேடு எல்லாம் கேட்பார்கள். என்னைப் போல் சிறிதாகத் தொடங்குபவர்கள் உரிமம் உள்ள ஒரு கூடத்தில் செய்து வாங்குவது நடைமுறை. அதைத்தான் நானும் முதலில் செய்தேன், பிறகு கொட்டகையைச் சரிசெய்து சொந்தமாக எடுத்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கும் சோப்புக் கட்டிக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதில் மூச்சுவிட முடிகிறது.

விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வழுக்கை போகும், புது முடி வளரும், நரை கறுக்கும் என்று குணப்படுத்தும் வாக்குறுதி கொடுக்க மருந்துக்கே தடை உண்டு. மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் இவை பட்டியலாகவே இருக்கின்றன. மருந்துக்கே இல்லாத உரிமை குளியல் கட்டிக்கு எங்கிருந்து வரும்? ஆனால் போனில் வரும் கேள்விகளில் பெரும்பாதி இதுதான்.

"அக்கா, பாப்பா பொறந்து மூணு மாசம். கொத்துக் கொத்தா வருதுக்கா. உங்க கட்டி போட்டா நிக்குமா?"

"நிக்காது கண்ணு. பிரசவத்துக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துல நெறையப் பேருக்குக் கொட்டும். அதுவா நின்னு, அதுவா வளரும். ஒரு வருசம் ஆகியும் கொட்டுச்சுன்னா டாக்டர்கிட்டப் போயி ரத்தம், தைராய்டு பாத்துக்கோ."

"அப்ப எதுவுமே வாங்க வேண்டாமாக்கா?"

"தல குளிக்க எதாச்சும் வேணுமில்ல? தண்ணி என்ன தண்ணின்னு சொல்லு."

இந்தப் பெண்ணிடம் மூலிகை எண்ணெய் ஒன்றை நீட்டியிருந்தால் ஆறு மாதம் வாங்கியிருப்பாள். முடி தானாக வளர்ந்ததும் எண்ணெய்க்குக் கும்பிடு போட்டிருப்பாள், நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். இந்தச் சந்தையில் எத்தனையோ அற்புதங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

எண்ணெயில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. 2003-இல் ரெலே, மொஹிலே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வீணாவதைக் குறைத்தது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மரிகோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே குளிக்கும் முன் எண்ணெய் தேய்ப்பது முடிக்கு நல்லது என்பேன், வேரிலிருந்து புதிதாக முளைக்கும் என்று சொல்லமாட்டேன். பொடுகு உள்ளவர்களிடம் எண்ணெயைக் குறையுங்கள் என்றே சொல்வேன். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது, ஊறவைக்க ஊறவைக்க அதற்குத்தான் விருந்து. பொடுகு தீராவிட்டால் தோல் மருத்துவர் எழுதித்தரும் ஷாம்புதான் வழி, என் கட்டி கிடையாது. எண்ணெயும் விற்றுக்கொண்டு இதைச் சொல்வதற்கு வீட்டுக்காரரிடம் அவ்வப்போது திட்டும் வாங்குகிறேன்.

தீபாவளிதான் எங்களுக்குப் பெரிய சீசன். எண்ணெய்க் குளியலுக்குத் தூளும் கட்டியும் சேர்த்துச் சின்னப் பெட்டியாகக் கேட்பார்கள், தெருப் பெண்கள் நாலைந்து பேர் காகிதம் சுற்ற வந்துவிடுவார்கள். தூளும் சிண்டெட் கட்டியும் அந்த வாரத்தில் கேட்டாலும் தருவேன். சோப்புக் கட்டி ஆறு வாரம் காய வேண்டும். அதனால் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள், கூடவே தண்ணீரையும்.